லாரை கதவைத் திறப்பாளா

கடைசி அத்தியாயம் எழுதியாச்சா இல்லையான்னு கேக்கத்தானே அக்கா, இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வந்தீங்க? அதை விட்டுட்டு, கதைக்கு எப்படித் திட்டம் போடுவே, எங்க உக்காந்து யோசிப்பேன்னு சுத்தி வளைக்கிறீங்க. பரவால்ல, கேளுங்க. சொல்றதுக்கு எனக்கு என்ன, வாய் வலிக்குதா. முதல்ல அந்த ஸோபோவைக் குடிங்க, புளிச்சப்பூவைக் காலையிலதான் காய்ச்சி ஆற வச்சேன். இஞ்சி கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சு. தொண்டைக்கு நல்லதுதான், உங்க பொழப்பே தொண்டைய நம்பித்தானே.

தெரியும், தெரியும். உங்க கையில இருக்கற பக்கமெல்லாம் வியாழக்கிழமையோட தீர்ந்துரும். வெள்ளிக்கிழமை உங்க கதை வாசிக்கற அம்மா கையில கடைசி அத்தியாயம் இல்லன்னா கானோவுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் உங்க ரேடியோ ஸ்டேஷனுக்கே வந்து நிப்பாளுங்க. எனக்கு மட்டும் விடறாங்களா? புத்தகத்துப் பின்னட்டையில போன் நம்பர் போட்டாலும் போட்டேன், காலையில கம்பங்கஞ்சி கிண்டும்போதே ஆரம்பிச்சிடுவாங்க. கட்சினாவுல இருந்து ஒருத்தி, அஸபேக்குக் கண்ணு ரெண்டும் போயிடணும், இல்லன்னா நான் உன்னைச் சும்மா விட மாட்டேங்கறா. ஸரியாவுல ஒரு போலீஸ்காரர் சம்சாரம், லாரை அவளை உள்ள விட்டான்னா உன் புத்தகத்தை இனிமே கையால தொட மாட்டேங்கறா. நேத்து ஒரு ஆம்பளை அக்கா! ரகசியமாப் பேசறான். முழுக்கதையும் வேண்டாம் அம்மா, லாரை மன்னிச்சிடுவாளா மாட்டாளா அதை மட்டும் சொல்லு, எனக்கும் வீட்டுல ஒரு காரியம் ஆக வேண்டியிருக்குங்கறான். என்ன காரியமோ, படுபாவி!

ஆமா, எல்லாரும் அந்த ஒரு கதவுலதான் வந்து நிக்கறாங்க. லாரையோட உயிர்த்தோழி அஸபே. ஒண்ணாத் தின்னு ஒண்ணாச் சிரிச்சவ, கடைசியில லாரையோட புருஷனையே கட்டிக்கிட்டுப் புதுப்பொண்ணா வந்து வாசல்ல நிக்கறா. உள்ள லாரை. லாரை கதவைத் திறப்பாளா மாட்டாளா. அவ்வளவுதான் பாக்கி.

சொல்றேன், இருங்க. முதல்ல திட்டம் போடறதைச் சொல்றேன். நீங்களா கேட்டது அதுதானே.

நோட்டு நோட்டா எழுதி வச்சிருப்பேன்னு நினைச்சு வந்தீங்களா? என் படிப்பு கிராமத்துப் படிப்பு அக்கா. ஒரே ஒரு வாத்தியாரு, அவருக்கும் அறுவடை நேரத்துல வயலுக்குப் போகணும். கல்யாணமாகி இங்க வந்தப்புறம்தான் புத்தகம் படிக்கவே ஆரம்பிச்சேன். ஒரு தடவை எழுத்தாளர் கூட்டம்னு கூப்பிட்டாங்க. ஒரு பெரிய மனுஷர் பலகையில ஒரு மலை வரைஞ்சாரு. கதைன்னா இப்படி ஏறணும், உச்சியில நிக்கணும், இந்தப் பக்கம் இறங்கணும்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு கேக்க. ஆனா நான் பொறந்த ஊருல எறும்புப் புத்தை விட்டா ஏறறதுக்கு வேற மேடே கிடையாது, எனக்கு எங்க அது மனசுல நிக்கும்? பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு சொன்னா, அவ கலர் கலராக் காகிதம் வெட்டிச் செவுத்துல ஒட்டுவாளாம், ஒரு காட்சிக்கு ஒரு காகிதம், வேணும்னா இடம் மாத்திக்கலாம். அருமையான யோசனை. வீட்டுக்கு வந்து நானும் ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள்ள என் பெரிய பையன் கதாநாயகியக் கப்பலாக்கித் தண்ணியில விட்டுட்டான்.

அப்பதான் இந்தக் கிண்ணங்க கண்ணுல பட்டுச்சு. அதோ பாருங்க, அலமாரி நிறைய. எங்கம்மா குடுத்த சீர். ஒவ்வொரு பொண்ணுக்கும் குடுத்து அனுப்பறதுதான், அடுக்கி வச்சு அழகு பாக்கறதைத் தவிர யாராவது அதுல சோறு போட்டிருக்கோமா? எனாமல் கிண்ணம், பூப்போட்டது, மூடி போட்டது, பெருசு, சின்னது. ஒரு நாள் இறக்கித் துடைச்சுக்கிட்டிருக்கேன், பெரிய மூடிக் கிண்ணம் நடுவுல உக்காந்திருக்கு, பக்கத்துல நீலப்பூக் கிண்ணம் ஒண்ணு, சித்தெ தள்ளி மஞ்சக் கிண்ணம். பாத்த உடனே எனக்குப் பட்டுச்சு: அடியே, இது ஒரு வீடு! மூடிக் கிண்ணம் புருஷன். அவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியாது, அதான் மூடி. நீலப்பூ பொண்டாட்டி. மஞ்சள் யாரு? மஞ்சள் எதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வருது? கதை அங்கேயே ஆரம்பிச்சிருச்சு.

அதுல இருந்து அதே வழிதான். பாயை விரிப்பேன். கிண்ணத்தைப் பரப்புவேன். ஒரு அத்தியாயத்துக்கு ஏதாவது ஒரு கிண்ணம் நகரணும். நகர்ந்தா இன்னொண்ணு மேல இடிக்கணும். யாரு மேலயும் இடிக்காம ஒரு கிண்ணம் சும்மா உக்காந்திருந்துச்சுன்னா, எவ்வளவு அழகான பூப்போட்டதா இருந்தாலும் எடுத்து அலமாரியில வச்சிருவேன். லாரைக்கு ஒரு நாத்தனார் இருந்தா தெரியுமா? நல்ல பொண்ணு. ஆனா சும்மா உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தா. அனுப்பிட்டேன்.

ரகசியத்துக்கு வேர்க்கடலை. சிரிக்காதீங்க அக்கா, இதுதான் ரொம்ப முக்கியம். யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாதுங்கறதுலதானே கதையே இருக்கு. யாருக்கு ரகசியம் தெரிஞ்சுதோ அவங்க கிண்ணத்துல ஒரு கடலை. எல்லார் கிண்ணத்துலயும் கடலை விழுந்துருச்சுன்னா அந்த ரகசியம் செத்துப்போச்சு, அடுத்ததைத் தேடணும். யாரு கிண்ணம் மட்டும் காலியா இருக்கோ, வாசிக்கறவங்க அவளுக்காகத்தான் அழுவாங்க. இவ இருக்காளே, என் முதுகுல தூங்கறா பாருங்க, மைரோ, இவ ஒரு நாள் தவழ்ந்து வந்து மாமியார் கிண்ணத்துல இருந்த கடலையத் தின்னுட்டா. நானும் கவனிக்காம, அந்தக் கிழவிக்கு ஒண்ணும் தெரியாதுன்னே ஒரு அத்தியாயம் பூரா எழுதிட்டேன். அப்புறம் பாத்தா அதுதான் நல்லா வந்திருக்கு! விட்டுட்டேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி கடைசியத் தீர்மானம் பண்ணிடணும். ராத்திரிக்கு என்ன சமையல்னு தெரியாம காலையில எதை ஊற வைப்பீங்க? பயறு ஊற வச்சாத்தானே சாயங்காலம் வடை சுட முடியும். கடைசியில லாரை உள்ள, அஸபே வெளிய, நடுவுல கதவு. இதை முதல்லயே வச்சுட்டேன். அதுல இருந்து பின்னாடி பின்னாடி நடந்து வந்தேன். அவ எப்படி வாசலுக்கு வந்தா, அதுக்கு முன்னாடி அவன் எப்படிச் சரின்னான், அதுக்கும் முன்னாடி ரெண்டு பேரும் முதல்ல எங்க பாத்துக்கிட்டாங்கன்னு.

தனியாவா? இல்ல அக்கா. தனியா எப்படிப் போட முடியும்? நானே சொல்லி நானே கேட்டுக்க முடியுமா. எதிர்ல ஒரு ஆளு வேணும். எதிர்ல சவுதே இருந்தா.

சவுதே பக்கத்து வீடு. அவ அண்ணன் வீடு அது. ரெண்டு கல்யாணம் முறிஞ்சு திரும்பி வந்தவ. தொப்பிக்குப் பூவேலை பண்ணுவா, அவ கை ஊசிய நீங்க பாக்கணும், பாக்காமலே தைப்பா. நான் கல்யாணமாகி இங்க வந்து ஒருத்தரையும் தெரியாம உக்காந்திருந்தப்போ, சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து, ஏய் புதுப்பொண்ணு, உப்பு இருக்கா, இல்லன்னா பொய்யாவது சொல்லு, பேச ஆளில்லாம சாகறேன்னு கத்தினா. அன்னிக்கு ஆரம்பிச்சது. என் பிள்ளைங்க ரெண்டும் பொறந்தப்போ எனக்குச் சுடுதண்ணி வச்சு ஊத்தினவ அவ. மத்தியானம் பிள்ளைங்க தூங்கினா தொப்பியத் தூக்கிக்கிட்டு வந்துருவா. நான் பாயை விரிப்பேன். மஞ்சக் கிண்ணம் அவ கையில, மத்ததெல்லாம் என் கையில.

நானாத்தான் குடுத்தேன். அஸபேயா நீ பேசு, லாரையா நான் பேசறேன்னு.

அவ கேக்கற கேள்வியிலதான் அக்கா கதை வளரும். அப்புறம்? அப்புறம்? அது எப்படி முடியும்? யாரு நம்புவா? ஒண்ணை விட மாட்டா. அஸபேக்கும் அவனுக்கும் முதல்ல பேச்சு எப்படி வரும், ஒரு வீட்டுப் பொம்பளை அடுத்த ஆம்பளைகிட்ட சும்மா போய்ப் பேசிட முடியுமான்னு கேட்டா. நல்ல கேள்வி. நான் யோசிச்சேன். சொன்னேன், பொண்டாட்டியே அனுப்பணும்டி. லாரையே, போய் அளவு குடுத்துட்டு வாங்க, அஸபே மாதிரி யாரு தைப்பான்னு சொல்லி அனுப்பி வைக்கணும். அப்பதான் படிக்கறவளுக்கு வயிறு எரியும்னு. எழுதினேன். பெருநாள் வந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தொப்பி வேணும்னாரு. சவுதேகிட்ட போங்க, அவள மாதிரி யாரு தைப்பான்னு நானே அனுப்பி வச்சேன்.

ம். குடிங்க அக்கா, இன்னும் ஊத்தறேன்.

இன்னொரு நாள் கேட்டா, அவன் மனசு மாறுறது பொண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும், லாரை என்ன முட்டாளான்னு. முட்டாள் இல்லடி, அவன் முன்னைவிட நல்லவனாயிடுவான், அதான் தெரியாதுன்னேன். குத்தம் பண்ற ஆம்பளை வீட்டுக்குள்ள வரும்போது கையில ஏதாவது கொண்டு வருவான். கறி வாங்கிட்டு வருவான், வாசனை சோப்பு வாங்கிட்டு வருவான். பொண்டாட்டி தின்னுட்டுப் பல்லு குத்திக்கிட்டு, நம்ம மாதிரி யாருக்குப் புருஷன் கிடைப்பான்னு படுத்துத் தூங்குவான்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்த மாசம் எங்க வீட்டுல சுட்ட கறி தினம் வந்துச்சு அக்கா. மிளகாப்பொடி தூக்கலா, வெங்காயம் நறுக்கி, காகிதத்துல சுத்தி. என் செருப்புக் கடை யாவாரம் நல்லாப் போகுது, நீ தின்னுன்னாரு. நான் தின்னேன். தின்னுட்டு, அந்தக் கறி மணம் எப்படி இருந்துச்சு, காகிதத்துல எண்ணெய் எப்படிப் பரவுச்சுன்னு எல்லாம் ரெண்டாம் பாகத்துல எழுதினேன். அந்த இடம் நல்லா இருந்துச்சுன்னு நீங்ககூட ரேடியோவுல சொன்னீங்களே.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. இதைத்தான் நான் இப்பத் திரும்பத் திரும்ப நினைக்கறேன். விஷயம் தெரிஞ்ச உடனே லாரை கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா கதை என்ன ஆகறது? புருஷன் பின்னாடியே போய்க் கூட்டிட்டு வருவானே, அஸபே கதி என்ன? நான் பட்டுன்னு சொன்னேன். போக மாட்டா சவுதே. எங்க போவா? பெரியவன் இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கான், சின்னது பால்குடி, பொறந்த வீட்டுல தம்பி பொண்டாட்டி வந்தாச்சு, படுக்க இடமில்ல. நிதானமா இருக்கறவ அவ. அழுவா, முகம் கழுவிட்டுச் சோறு வைப்பா.

லாரைக்கு ஏது அக்கா பள்ளிக்கூடம் போற பிள்ளை? கதையில லாரைக்குப் பிள்ளையே இல்ல. ரெண்டாம் பாகம் வரைக்கும் அதுக்குத்தானே அழறா. நான் என்னைத்தான் சொன்னேன். எனக்கே தெரியாம சொன்னேன். சவுதே ஊசிய நிறுத்தி என்னைப் பாத்தா. அப்படியா, போக மாட்டாளா, நல்லதுன்னா. நான் வடை எடுத்துட்டு வர எந்திரிச்சுப் போயிட்டேன்.

கடைசியும் அவ சொன்னதுதான். முதல்ல நான் வச்ச கடைசி வேற. லாரை கதவைத் திறக்கவே மாட்டா, தெருவே கூடி அஸபேயத் துரத்தும். சவுதேக்குப் பிடிக்கல. இது எல்லாரும் எழுதறதுதானே, நீ வேற மாதிரி எழுதுன்னா. லாரை கதவைத் திறக்கட்டும், தங்கச்சி மாதிரி உள்ள கூப்பிடட்டும், ஒரே சட்டியில ஒண்ணாச் சாப்பிடட்டும், ஊரே அழுவும் பாருன்னா. அழுதுக்கிட்டே சொன்னா அக்கா. நானும் அழுதேன். எவ்வளவு நல்ல மனசு இவளுக்குன்னு நினைச்சேன்.

எப்பத் தெரிஞ்சுதுன்னா கேக்கறீங்க?

ஒரு மத்தியானம் எங்க வீட்டுக்காரர் சீக்கிரமே வந்தாரு. கையில ஒரு பெரிய பை. கட்டில் மேல வச்சாரு. நல்ல துணி, கரை போட்டது, ஒண்ணில்ல, நிறைய. அத்தர், சோப்பு, பவுடர். பிடிச்சிருக்கான்னாரு. பெருநாளும் இல்ல, பிள்ளையும் பொறக்கல. கானோவுல எந்தப் பொம்பளைக்குத் தெரியாது அக்கா, காரணமில்லாம துணி வந்தா பின்னாடி சக்களத்தி வர்றான்னு? வாயால சொல்லத் தைரியமில்லாம துணியால சொல்றது நம்ம ஆம்பளைங்க வழக்கம்தானே. இதே காட்சிய நான் எழுதியிருக்கேன். துணியத் தொட்டுப் பாத்துட்டு லாரை யாருன்னு கேப்பா, அவன் செவுத்தைப் பாப்பான். நானும் யாருன்னு கேட்டேன். இவரும் செவுத்தைப் பாத்தாரு. வேற எங்கதான் பாக்கத் தெரியும் இவங்களுக்கு. அப்புறம் சொல்றேன்னுட்டுக் கடைக்குப் போயிட்டாரு.

நான் முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஓடினேன். வேற எங்க, சவுதேகிட்டதான்.

அவ தொப்பி தச்சுக்கிட்டிருந்தா. காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். யாரோ வர்றாடி, யாருன்னு சொல்ல மாட்டேங்கறாரு, நீ உங்க அண்ணன்கிட்ட கேட்டு விசாரின்னேன். அவ என் தலையத் தடவினா. தடவிக்கிட்டே, அழாத ஹன்ஸத்து, அவரு யோசிக்காம எதையும் செய்ய மாட்டாருன்னா.

அவரு.

நீங்க இதைக் கேளுங்க அக்கா. அவரு பேரு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் உங்க வீட்டுல சொல்ல மாட்டீங்க, மூத்த பிள்ளை பேரையே நாம சொல்றதில்ல. ஆனா சவுதே சொல்லுவா. சும்மா இல்ல, வாய் நிறைய, சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துக் கூப்பிடுவா. நீதான் சொல்ல மாட்டேங்கறே, நானாவது கூப்பிடறேன், இல்லன்னா பாவம் அவனுக்கே மறந்துரும்னு சிரிப்பா. இத்தனை வருஷமா அவன் இவன்னுதான் பேசுவா. அவருக்கும் அது பழக்கம், திரும்ப அவளைத் திட்டுவாரு.

அன்னிக்குப் பேரு வரல. நான் அழுகைய நிறுத்திட்டுக் கேட்டேன், யாரைச் சொல்றே? அவரைத்தான்னா. எவரை, பேரைச் சொல்லுன்னேன். தலையக் குனிஞ்சு ஊசியில நூலைக் கோத்தா. நூலு ஏற்கெனவே கோத்துத்தான் இருந்துச்சு.

ஒரு பொம்பளை ஒரு ஆம்பளை பேரைச் சொல்லாம நிறுத்தினா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. நினைச்சுப் பாத்தா அவ அந்தப் பேரைச் சொல்லியே மாசக்கணக்காச்சு. எத்தனை மத்தியானம் என் எதிர்லயே உக்காந்து அவரு, வீட்டுக்காரரு, பிள்ளைங்க அப்பான்னு பேசியிருக்கா. எழுத்தாளர் நானு. யாருக்கு என்ன தெரியும்னு கடலை வச்சுப் பாக்கறவ நானு. என் காதுல விழல.

நான் சண்டை போடல. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். அவளும் கூப்பிடல.

என்ன சொல்றது அக்கா. மைரோ அப்பா இன்னொருத்தியக் கட்டறாரு. கட்டட்டும். எங்கம்மாவே ரெண்டாவது சம்சாரம்தான். ரெண்டு நாள் அங்க, ரெண்டு நாள் இங்க, மூக்கைச் சிந்திப் போட்டுட்டு நடக்க வேண்டியதுதான். எவளோ ஒருத்தி வந்திருந்தா, முதல் நாளே நான் சவுதே வீட்டுக்குப் போய், அவ நடைய நடிச்சுக் காட்டி, அவ சமையலைப் பழிச்சு, ரெண்டு பேரும் சிரிச்சு, நான் அழுது, அவ திட்டி, எல்லாம் ஆறிப்போயிருக்கும். இப்ப யார்கிட்ட போவேன்? அழறதுக்குன்னு எனக்கு இருந்த இடமே அவதான். அதைத்தான் எடுத்துக்கிட்டா. புருஷனை எடுத்துக்கிட்டதை நான் எப்படியோ தாங்கிருவேன், அதை எடுத்துக்கிட்டதை எப்படித் தாங்கறதுன்னு தெரியல. அதான் கடைசி அத்தியாயம் இத்தனை நாளா வரல. உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

இல்ல இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். இந்த முதுகுச்சுமை கொஞ்சம் சரியுது, அவ்வளவுதான். பாருங்க, தூக்கத்துலயே எச்சில் வடிக்கறா.

போன வாரம் அவளே வந்தா. நீங்க உக்காந்திருக்கற அதே இடம். மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நினைச்சேன். அவ அப்படி வரல. சொல்றா, ஹன்ஸத்து, ரேடியோவுல கதை நல்லாப் போகுது, எங்க அண்ணி கூட்டமே கேக்குது, உன் மாமியார் வகை எல்லாம் கேக்கறாங்க, அஸபேக்குக் கண்ணு போகணும்னு எல்லாரும் திட்டறாங்க. நாளைக்கு விஷயம் தெரிஞ்சா அஸபே நான்தான்னு சொல்லிருவாங்க. நாம பேசி வச்ச மாதிரியே முடிச்சிரு. லாரை கதவைத் திறந்து உள்ள கூப்பிடட்டும். உன் பிள்ளைங்க மேல ஆணையா உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்னா. பயந்து போயிருந்தா அக்கா. என் வீட்டுக்குள்ள வரப் பயமில்ல. என் பேனாவுக்குப் பயம்.

நான் என்ன சொல்லிருப்பேன்? பாக்கலாம்னேன். ஸோபோ குடுத்தேன், குடிச்சா, போனா.

அன்னிக்கே எழுதிட்டேன். ஆமா, எழுதியாச்சு! நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். இப்பப் பயம் போச்சா?

கண்ணு போகல. தெரு கூடல. லாரை கதவைத் திறக்கறா. அவ கேட்ட மாதிரியே திறக்கறா. சலாம் சொன்னவளுக்குப் பதில் சலாம் சொல்றா. பெரிய ரூமை ஒழிச்சுக் குடுக்கறா. அவ சமையல் முறை வர்ற நாள்ல சட்டியத் தேய்ச்சு அவ கையில குடுக்கறா. ஒரு சுடுசொல் கிடையாது. அஸபே காத்திருக்கா, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மழைக்காலம். லாரை திட்டினாக்கூடப் போதும்னு இருக்கு அவளுக்கு. தெருவுல எவளோ வழுக்கி விழுந்த கதைய லாரை வந்து தன்கிட்ட சொல்லுவாளான்னு சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கா. லாரை சலாம் சொல்றா, போயிடறா. பக்கத்து வீட்டுக்கு ஒரு புதுப்பொண்ணு வந்திருக்கு, அங்க இருந்து லாரையோட சிரிப்புச் சத்தம் கேக்குது. அஸபே தொப்பியக் கையில வச்சுக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டிருக்கா. அதோட முடியுது.

என்னக்கா, கண்ணைத் துடைக்கிறீங்க. இதுக்குத்தான் சொல்றேன், உங்க ஸ்டேஷன்ல வாசிக்கற அம்மா நல்லாத்தான் வாசிக்கறாங்க, ஆனா எல்லாத்தையும் அழுது வாசிக்கறாங்க. இதை அழுதா கெட்டுப்போகும். காய்கறி விலை சொல்ற மாதிரி சொல்லணும். இதை நானே வாசிக்கறேன். நானே ஸ்டேஷனுக்கு வந்து மைக் முன்னாடி உக்காந்து வாசிக்கறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், எப்பவும் போடற நேரத்துக்கே.

வேற நாள் கூடாது அக்கா. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல்ல அவருக்கும் சவுதேக்கும் நிக்காஹ். சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு வரப் பொம்பளைங்க எல்லாம் அவ அண்ணன் வீட்டு முத்தத்துல கூடியிருப்பாங்க, ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டு. இந்தக் கதையக் கேக்காம ஒருத்தியும் கிளம்ப மாட்டா.

அவருக்குக் கதை தெரியாதா? எங்க வீட்டுக்காரருக்கா! அவரு ரேடியோவுல பந்தாட்டம் மட்டும்தான் கேப்பாரு. என் புத்தகம் ஒண்ணைக்கூடப் பிரிச்சதில்ல. ஆனா அவரு சொல்லாம நான் வாசல் தாண்ட முடியாது, அதுலயும் அன்னிக்கு. இப்ப வந்துருவாரு சாப்பாட்டுக்கு. இந்த நாள்ல அவரு என் முகத்தைப் பாக்கவே கூசறாரு, ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து மரியாதைப்பட்ட ஒரு பொம்பளை வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. நான் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. உங்களைக் கேக்க மாட்டாரு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க அக்கா, வந்ததும் எனக்காக நீங்களே கேளுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு மணி நேரம் உங்க சம்சாரத்தை எங்களோட அனுப்பி வைங்கன்னு.